டி டிரைவில் இடமில்லை

ஓய்வு பெற்றவளை யாரும் சும்மா நலம் விசாரிக்கக் கூப்பிடுவதில்லை. எங்கேயோ ஏதோ நின்றுபோயிருக்கும், கூப்பிடுவார்கள். போன மாதம் உத்தமபாளையத்திலிருந்து போன் வந்தது. நான் வேலை பார்த்த ஸ்கேன் சென்டரில் இப்போது கம்ப்யூட்டர்களைக் கவனித்துக்கொள்ளும் பெண். நோயாளிகளின் படங்களை எல்லாம் இணையத்தில் வாடகை இடத்துக்கு மாற்றப்போகிறார்களாம். இடத்துக்கு ஏற்ற வாடகை என்பதால், அதற்குமுன் வேண்டாததைக் கழித்துக்கட்டச் சொல்லியிருக்கிறார்கள். "அக்கா, எத அழிக்கலாம்?" என்று கேட்டாள்.

இந்தக் கேள்வியைக் கேட்டால் எனக்கு இன்றைக்கும் சுர்ரென்று வரும். எதை அழிக்கலாம் என்று கேட்காதே, என்ன இருக்கிறது என்று முதலில் பார் என்று காட்டமாகச் சொல்லிவிட்டேன். போனை வைத்த பிறகு பாவமாக இருந்தது. அவளுக்கு என் கோபம் எங்கிருந்து வருகிறது என்று எப்படித் தெரியும்? அவளுக்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

நான் சின்னமனூர்க்காரி. எக்ஸ்ரே எடுக்கும் படிப்பைத் தேனியில் முடித்துவிட்டு உத்தமபாளையத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். முதல் சில வருடங்கள் இருட்டறையில் ஃபிலிம் கழுவினேன். கையில் மருந்து வாடை, சோற்றில் கை வைக்க முடியாது. அந்த இருட்டறை போனதற்காக நான் ஒருநாளும் வருத்தப்பட்டதில்லை, போய்த்தொலைந்தது என்று நிம்மதியாகத்தான் இருந்தது. பிறகு சிடி ஸ்கேன் மெஷின் வந்தது. கூடவே படங்களைச் சேர்த்து வைக்க ஒரு பெரிய கம்ப்யூட்டரும் வந்தது. கம்பெனிக்காரர் வந்து சொல்லிக்கொடுத்தபோது மற்றவர்கள் தொடப் பயந்து பின்னால் நின்றார்கள். நான் தொட்டேன். அவ்வளவுதான் என் தகுதி. அன்றிலிருந்து ஓய்வு பெறும்வரை எல்லாருக்கும் நான் 'சிஸ்டம் அக்கா'. ஈஸ்வரி என்று ஒரு பெயர் இருப்பது சம்பள நாளில்தான் தெரியவரும்.

சென்டரை நடத்தியவர் டாக்டர் சபியா. ஊர் அதேதான், உத்தமபாளையம். படம் பார்த்து ரிப்போர்ட் எழுதும் டாக்டர். அவரிடம் ஒரு பழக்கம் உண்டு, புதிதாகப் பார்ப்பவர்களுக்கு எரிச்சல் வரும். வயிற்று வலி என்று ஒருவர் படுத்திருப்பார். இவர் வயிற்றைப் பார்க்கமாட்டார். முதலில் முதுகெலும்பு, பிறகு படத்தின் ஓரத்தில் தெரியும் நுரையீரலின் அடிப்பகுதி, பிறகு தோல், தசை. ஊரெல்லாம் சுற்றிவிட்டுக் கடைசியில்தான் வலிக்கும் இடத்துக்கு வருவார். கேட்டால், வலிக்கும் இடத்தை முதலில் பார்த்தால் அதிலேயே கண் நின்றுவிடும், மற்றதெல்லாம் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும் என்பார். அதட்டமாட்டார். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. நாம் அவசரப்பட்டு ஒன்றைச் சொன்னால், "முழுசும் பாத்துட்டீகளா ஈஸ்வரி?" என்று மட்டும் கேட்பார். அந்த ஒரு கேள்விக்காக எத்தனை முறை திரும்பிப் போய் முதலிலிருந்து பார்த்திருக்கிறேன் என்று எனக்கே தெரியாது.

அதை அப்படியே கம்ப்யூட்டருக்கு நான் எடுத்துக்கொண்டேன். ஒருமுறை ரிசப்ஷன் கம்ப்யூட்டர் ஆமையாக ஊர்ந்தது. டோக்கன் போடும் சாஃப்ட்வேர்தான் இடத்தை அடைக்கிறது, அதை எடுத்துவிடலாம் என்று ஆளாளுக்குத் தீர்ப்புச் சொன்னார்கள். நான் ஒவ்வொரு ஃபோல்டராக அளவு பார்த்துக்கொண்டே போனேன். டோக்கன் சாஃப்ட்வேர் பாவம், ஒரு மூலையில் ஒடுங்கிக் கிடந்தது. இடத்தை எல்லாம் பிடித்திருந்தது ரிசப்ஷன் பெண்ணின் கல்யாண வீடியோ. அதுவும் ஒன்றல்ல. மாப்பிள்ளை வீட்டார் எடுத்தது ஒன்று, பெண் வீட்டார் எடுத்தது ஒன்று, இரண்டையும் சேர்த்துப் பாட்டுப் போட்டது இன்னொன்று. அழிக்கும்முன் பென் டிரைவில் போட்டுக் கொடுத்தேன். அவள் மாமியார் ஆடியதை நாங்கள் எல்லாரும் ஒருமுறை பார்த்துச் சிரித்த பிறகுதான் அழித்தேன்.

அது விளையாட்டு. இனிச் சொல்லப்போவது விளையாட்டில்லை.

அன்றைக்கு நான் வந்த பஸ் வழியில் நின்றுவிட்டதால் தாமதமாகப் போய்ச் சேர்ந்தேன். வாசலில் கூட்டம். கம்பம்மெட்டு ரோட்டில் ஏலத்தோட்டத்து ஜீப் ஒன்று கவிழ்ந்து, தலையில் அடிபட்டவர்களைக் கொண்டுவந்திருந்தார்கள். மெஷின் படம் எடுத்துவிட்டது, ஆனால் பெரிய கம்ப்யூட்டர் வாங்கிக்கொள்ள மறுக்கிறது. டி டிரைவில் இடமில்லை என்று ஒரு சிவப்புக் கோடு. டாக்டர் மெஷின் பக்கத்திலேயே நின்றபடி அந்தச் சின்னத் திரையில் படங்களைப் பார்த்து, யாரை உடனே தேனிக்கு அனுப்புவது என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

மேனேஜர் பரமசிவம் அண்ணன் எனக்காக நடையில் காத்திருந்தார். சென்டர் தொடங்கிய நாளிலிருந்து இருப்பவர், சாமி பக்தி அதிகம், பயம் அதைவிட அதிகம். வந்ததும் வராததுமாக ஒரு தாளை நீட்டினார். இருப்பதிலேயே பழைய வருடத்துப் படங்களை முழுவதும் அழித்துவிடலாம் என்று எழுதி வைத்திருந்தார். படங்களை அழிக்க என் லாகினில்தான் முடியும், அதனால்தான் எனக்காகக் காத்திருந்தார். நான் கம்ப்யூட்டருக்குள் இருக்கும் குப்பைத் தொட்டியைக் காலி செய்து கொஞ்சம் இடம் உண்டாக்கிப் பார்த்தேன். வரிசையில் நின்ற ஜீப் படங்கள் அதை ஒரே மடக்கில் குடித்துவிட்டு மறுபடியும் சிவப்புக் கோட்டைக் காட்டின. "அதான் சொல்றேன், பழசத் தூக்கிப்புடும்மா" என்றார் அண்ணன்.

தூக்கியிருப்பேன். ஜீப்பில் வந்தவர்களைப் பார்த்தால் எனக்கும் வேறு யோசனை ஓடவில்லை. அந்த நேரத்தில்தான் ரிசப்ஷனிலிருந்து என்னைக் கூப்பிட்டார்கள்.

கோம்பையிலிருந்து ஒரு புருஷன் பெண்டாட்டி வந்திருந்தார்கள். பெண்ணின் பெயர் பேச்சியம்மாள், திராட்சைத் தோட்டங்களுக்குக் கொடி கட்டவும் பழம் வெட்டவும் போகிறவர். புருஷன் மொக்கராசு. இரண்டு பேர் முகத்திலும் களை இல்லை. இருமல் நிற்கவில்லை என்று மதுரையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார்கள். அங்கே ஸ்கேன் எடுத்ததில் நுரையீரலில் ஒரு புள்ளி தெரிந்திருக்கிறது. புற்றாக இருக்குமோ என்ற சந்தேகம். எங்களிடம் வந்த நாளுக்கு மறுநாளே போய்ப் படுக்கச் சொல்லியிருந்தார்கள், நெஞ்சைத் திறந்து எடுப்பதாக ஏற்பாடு. கூடவே அங்கிருந்த டாக்டர் ஒரு கேள்வி கேட்டிருக்கிறார், இதற்குமுன் எப்போதாவது நெஞ்சு ஸ்கேன் எடுத்திருக்கிறாயா என்று. எடுத்திருந்தார். பல வருடங்களுக்கு முன்னால் டிராக்டரிலிருந்து விழுந்து விலா அடிபட்டபோது எங்களிடம்தான் எடுத்தது.

மொக்கராசு துணிப்பையிலிருந்து அந்தப் பழைய ஃபிலிமை எடுத்தார். ஓட்டு இடுக்கில் செருகி வைத்திருந்திருக்கிறார்கள். மழைத்தண்ணீர் இறங்கி, தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டி, நனைந்த அப்பளக் கட்டு போல இருந்தது. பிரித்தால் கருப்புத் தோலாக உரிந்து வந்தது.

"அந்தப் புள்ளி அப்பவே இருந்து, இம்புட்டு வருசமா வளராம இருந்தா கத்தி வைக்க வேணாம்ங்கிறாக தாயி. படம் இல்லாட்டி நெஞ்சப் பொளந்துதான் பாக்கணும்ங்கிறாக" என்றார் மொக்கராசு. பேச்சியம்மாள் முந்தானை நுனியை விரலில் சுற்றுவதும் பிரிப்பதுமாக இருந்தார்.

பெயர்ப் பட்டியலில் தேடினேன். இருந்தது. எந்த வருடம் என்று பார்த்தேன். அண்ணன் தாளில் எழுதியிருந்த அதே வருடம். பஸ் மட்டும் நிற்காமல் நேரத்துக்கு வந்திருந்தால் நானே என் கையால் அழித்துவிட்டு, இந்த அம்மாவிடம் இல்லை என்று சொல்லியிருப்பேன். படத்தைத் திறக்க அமுக்கினேன். திறக்கவில்லை. பழைய வருடத்துப் படங்களைப் பெரிய கம்ப்யூட்டரின் சாஃப்ட்வேர் மாதம் மாதமாகச் சுருக்கி மூட்டை கட்டி வைத்திருக்கும். ஒருவருடைய படம் வேண்டுமென்றாலும் முழு மூட்டையையும் அதே டிரைவில் விரித்தாக வேண்டும். விரிக்க இடமில்லை.

டாக்டரிடம் போனேன். அவர் ரிப்போர்ட்டைத் தேடிப் பார்த்தார். எலும்பு முறிவு இல்லை என்றும், வலது நுரையீரலில் சிறு பழைய தழும்பு என்றும் அவரே எழுதியிருந்தார். எழுத்து மட்டும் போதாது, அளந்து பார்க்கப் படம் வேண்டும். இந்த அம்மாவின் வருடத்தை வைத்துக்கொண்டு அடுத்த வருடத்தை அழித்துவிட்டால் இடம் கிடைக்கும் என்று பரமசிவம் அண்ணன் சொன்னார். கெட்ட மனசில் சொல்லவில்லை, அவருக்கும் பேச்சியம்மாளைப் பார்க்கப் பொறுக்கவில்லை.

டாக்டர் அண்ணன் பக்கம் திரும்பினார். "நாளைக்கு அந்த வருசத்துக்காரி ஒருத்தி வந்து நின்னா அவகிட்ட என்ன சொல்ல? மதியம் பாங்கு சொல்ற வரைக்கும் ஈஸ்வரிக்கு விடுங்க பரமசிவம். அம்புட்டுக்கும் கெடைக்கலேன்னா வேற வழி இல்ல, நீங்க சொன்னபடி செய்வோம்."

உட்கார்ந்தேன். டி டிரைவில் மொத்தம் நான்கு பெரிய ஃபோல்டர்கள். படங்கள்தான் அடைத்திருக்கும் என்று எல்லாருக்கும் உறுதி, எனக்கும்தான். அதனாலேயே அதைக் கடைசிக்குத் தள்ளிவிட்டு மற்றவற்றிலிருந்து ஆரம்பித்தேன். ஒவ்வொன்றின் மேலும் வைத்து, அளவு எவ்வளவு என்று கேட்டு, வந்ததை ஒரு பழைய டோக்கன் சீட்டின் முதுகில் எழுதிக்கொண்டே போனேன். கடைசியாகப் படங்களையும் எழுதி எல்லாவற்றையும் கூட்டினேன். கூட்டியது டிரைவின் பாதிக்குக்கூட வரவில்லை.

தப்பாகக் கூட்டிவிட்டேன் என்று நினைத்து மறுபடி கூட்டினேன். அதேதான். கண்ணுக்குத் தெரிவதெல்லாம் சேர்ந்து பாதி. டிரைவோ முழுவதும் நிறைந்துவிட்டேன் என்கிறது. வைரஸ் ஏதும் புகுந்துவிட்டதா என்று பயம் வந்தது. ஆனால் பயத்துக்குக் கீழே ஒரு நிம்மதியும் எட்டிப் பார்த்ததை மறைக்காமல் சொல்ல வேண்டும். அப்படியானால் அடைத்துக்கொண்டிருப்பது நோயாளிகளின் படங்கள் இல்லை!

என் லாகினுக்குத் தெரியாத ஒன்று உள்ளே இருக்கிறது. எதுவும் மறைக்காமல் காட்டும் பெரிய பாஸ்வேர்டு டாக்டருக்கு மட்டும்தான் தெரியும். அவர் வந்து ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாக அடித்துவிட்டு, ஜீப் ஆட்களைப் பார்க்கத் திரும்பிப் போனார். டிரைவில் இருப்பதைக் கட்டம் கட்டமாக வரைந்து காட்டும் ஒரு சின்ன சாஃப்ட்வேர் என் பென் டிரைவில் எப்போதும் இருக்கும். பெரிய ஃபோல்டருக்குப் பெரிய கட்டம், சின்னதுக்குச் சின்னது. வயலை மேட்டிலிருந்து பார்ப்பது மாதிரி, எந்த வரப்புக்குள் எவ்வளவு என்று ஒரே பார்வையில் தெரியும். அதை ஓடவிட்டேன்.

திரையில் பாதிக்குமேல் ஒரே நிறத்தில் ஒரு கட்டம். அது படங்கள் ஃபோல்டர் இல்லை. 'ரிப்போர்ட்' ஃபோல்டர். எழுத்தும், ஒவ்வொரு ரிப்போர்ட்டோடும் ஒட்டிய ஓரிரு படங்களும் மட்டும் இருக்கும் இடம். பூனை உட்காரும் இடத்தில் யானை படுத்திருந்தது. உள்ளே போனேன். 'பூஜை' என்று ஒரு ஃபோல்டர், பக்கத்தில் வருடம். அதைத் திறந்தால் அதற்குள் முந்தின வருடத்துப் பூஜை. அதற்குள் அதற்கும் முந்தினது. பூஜைக்குள் பூஜை, அதற்குள்ளும் பூஜை.

எனக்குப் புரிந்துவிட்டது. பரமசிவம் அண்ணன் சென்டருக்கு வருமுன் கம்பம் ஊரில் ஒரு மண்டியில் வேலை பார்த்தவர். ஆயுத பூஜையன்று தொழிலில் எது முக்கியமோ அதைச் சாமி முன்னால் வைக்க வேண்டும் என்பது அவருக்கு ஊறிய பழக்கம். இங்கே தொழில் கம்ப்யூட்டருக்குள் இருக்கிறது. சந்தனம் குங்குமம் வெளியே வைத்தால் போதுமா? அதனால் ஒவ்வொரு பூஜைக்கும் முதல்நாள் நாங்கள் எல்லாரும் கூட்டிக் கழுவிவிட்டுக் கிளம்பிய பிறகு, ரிப்போர்ட் ஃபோல்டருக்குள் பூஜை என்று புதிதாக ஒன்றைத் திறந்து, அங்கே இருப்பதை எல்லாம் மொத்தமாகப் பிடித்து ஒரு நகல் அதில் போட்டிருக்கிறார். மொத்தமாக என்றால் போன வருடத்துப் பூஜையையும் சேர்த்து. ஆக ஒவ்வொரு வருடமும் ஃபோல்டர் இரண்டு மடங்கு. முதல் சில வருடங்கள் யாருக்கும் உறைக்காது. இரண்டு நாலாகி, நாலு எட்டாகி, ஒரு கட்டத்துக்குமேல் டிரைவையே விழுங்கிவிடும். சாமிக்கு வைத்ததை யாரும் தெரியாமல் தொட்டுவிடக் கூடாதே என்று கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் மருமகனிடம் கேட்டு, மற்றவர்கள் கண்ணுக்குத் தெரியாதபடி மறைத்து, பூட்டும் போட்டிருக்கிறார். அந்தப் பூட்டினால்தான் என் கணக்கில் அது வரவே இல்லை.

சிரிப்பை அடக்க முடியவில்லை, கண்ணிலும் தண்ணீர் வந்தது. டாக்டரையும் அண்ணனையும் கூப்பிட்டுக் காட்டினேன். அண்ணன் முகம் செத்துவிட்டது. "எழுத்துத்தானம்மா, எம்புட்டு எடம் புடிச்சிரும்னு நெனச்சேன்" என்று முனகினார். நான் அழிக்கக் கையை வைத்ததும் என் கையைப் பிடிக்காத குறையாகத் தடுத்தார். உள்ளே பேச்சியம்மாள் இருக்கிறார், வெளியே ஜீப்பில் வந்தவர்கள் இருக்கிறார்கள், எல்லாம் அவருக்குத் தெரியும். ஆனாலும் சாமிக்கு வைத்ததை அழித்தால் நாளைக்கு யாருக்காவது ஒன்று என்றால் என்ன செய்வது என்றார். எனக்கு வாயில் சுடுசொல் வந்துவிட்டது. டாக்டர் கையைக் காட்டி என்னை நிறுத்தினார்.

ஒவ்வொரு வருடமும் பூஜையன்று பொரிகடலை வாங்கிக்கொள்ள முதலில் வந்து நிற்பவர் டாக்டர்தான். நாற்காலியை இழுத்துப் போட்டு அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"பரமசிவம், கத்திரிக்கோலு, ஸ்பேனரு எல்லாம் பூசையில வைக்கிறீகள்ல, அத என்னைக்கு எடுப்பீக?"

"மறுநா காலையில டாக்டர். விஜயதசமியன்னைக்கு எடுத்து வேலையத் தொடங்கணும்."

"எடுக்காம அப்படியே விட்டா?"

வைத்ததை மறுநாள் எடுத்து ஒரு வேலையாவது செய்தால்தான் பூஜை முடிந்ததாகக் கணக்கு. அது அண்ணனுக்கு எங்களைவிட நன்றாகத் தெரியும்.

"இத்தன வருசமா வச்சது அங்கனயே இருக்கு. கடைசியா வச்சதுல ஒரு நகல் மட்டும் சாமிக்கு இருக்கட்டும். மத்தத நீங்களே எடுத்துருங்க" என்றார் டாக்டர்.

அண்ணன் எழுந்து போய்ச் செருப்பைக் கழற்றி வெளியே விட்டுவிட்டு வந்தார். கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்தார். குப்பைத் தொட்டிக்குப் போனால் இடம் திரும்பாது, ஒரேயடியாகப் போக வேண்டும் என்று சொல்லி எந்த இரண்டு பொத்தான்களைச் சேர்த்து அமுக்க வேண்டும் என்று காட்டினேன். அதற்குமுன் உள்ளே இருந்ததும் வெளியே இருந்ததும் ஒன்றுதானா, வெளியே இல்லாதது ஏதும் உள்ளே மட்டும் மாட்டிக்கொண்டிருக்கிறதா என்று ஒப்பிட்டுப் பார்த்துவிட்டேன். அவரே அமுக்கினார். சின்னச் சின்ன ஃபைல்கள் கோடிக்கணக்கில் கிடந்திருக்கும் போல, பச்சைக் கோடு நகரவே மாட்டேன் என்று அடம்பிடித்தது. நாங்கள் அதையே பார்த்துக்கொண்டு நின்றோம். பள்ளிவாசலில் பாங்கு சொல்லி முடித்தபோது அது முடிந்தது. சிவப்புக் கோடு நீலமாகி, பாதிக்கும் கீழே இறங்கியது. ஜீப் படங்கள் மளமளவென்று வந்து உட்கார்ந்தன. அப்பாடா என்று நான் சத்தமாகவே சொன்னேன்.

மூட்டையை விரித்தேன். பேச்சியம்மாளின் பழைய நெஞ்சு திரையில் வந்தது. பக்கத்தில், அவர்கள் மதுரையிலிருந்து கொண்டுவந்திருந்த சிடி வட்டிலிருந்து புதியது. டாக்டர் தொழுகைக்குக்கூடப் போகாமல் உட்கார்ந்துவிட்டார். ஆனால் பழக்கத்தை விடவில்லை. முதலில் எலும்பு, பிறகு இதயம், பிறகு இடது நுரையீரல். எனக்குப் பல்லைக் கடிக்க வேண்டியிருந்தது. கடைசியில் வலது பக்கம் வந்தார். அங்கே ஒரு மிளகளவு வெள்ளைப் புள்ளி. பழையதிலும் இருந்தது. இரண்டையும் குறுக்கே அளந்தார், நெடுக்கே அளந்தார், பிறகு எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து மறுபடியும் அளந்தார்.

"ஒரு நூலு கூட வளரல" என்றார்.

அங்கேயே மதுரை டாக்டருக்குப் போன் போட்டார். அளவுகளைச் சொன்னார். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பேச்சு. படங்களைக் கொடுத்து அனுப்புங்கள், பார்க்கிறேன், இதே அளவு என்றால் கத்தி தேவையில்லை, இருமலுக்கு மருந்து கொடுத்துவிட்டு வருடத்துக்கு ஒருமுறை பார்த்துக்கொண்டால் போதும் என்று அவர் சொன்னதாக டாக்டர் எங்களிடம் திரும்பிச் சொன்னார். என் வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. பரமசிவம் அண்ணன் செருப்பில்லாத காலோடு நடையில் ஓடிப்போய்த் தானே அவர்களைக் கூட்டி வந்தார்.

விஷயத்தைச் சொன்னதும் மொக்கராசு கும்பிட்ட கையை இறக்கவில்லை. பேச்சியம்மாள் அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை. நெஞ்சில் கையை வைத்துப் பார்த்துக்கொண்டார். பிறகு என் பக்கம் திரும்பி, ஒரு போன் போட்டுத் தரமுடியுமா என்று கேட்டார். ஆண்டிபட்டியில் தங்கச்சி இருக்கிறாளாம். எண்ணை மனப்பாடமாகச் சொன்னார். நான் போட்டுக் கொடுத்தேன்.

"ஏத்தா, நாந்தேன். அந்த ரெண்டு ஆட்டையும் வித்துப்புடாத. நா வந்து பத்திக்கிட்டு வாரேன்."

மொக்கராசு பெண்டாட்டியையே பார்த்துக்கொண்டு நின்றார். காட்டில் மேய்ச்சல் இல்லாததால் தங்கச்சி ஓட்டிப்போனதாகத்தான் பேச்சியம்மாள் அவரிடம் சொல்லி வைத்திருந்தாராம், விற்கக் கொடுத்ததைச் சொல்லவில்லை.

"நீ திரும்பி வரமாட்டேன்னு நெனச்சுட்டயா புள்ள?"

"நா இல்லாட்டி அதுகளுக்கு யாரு கொழ ஒடிச்சுப் போடுவா? உங்களுக்கே கஞ்சி ஊத்த ஆள் இல்லாம நிப்பீகளேன்னு இருந்துச்சு" என்றார் பேச்சியம்மாள். அப்போதுதான் அழுதார்.

மொக்கராசு அழுகிப்போன ஃபிலிமை மறுபடியும் பைக்குள் மடித்து வைத்துக்கொண்டார். நான் படங்களைப் பதிந்து கொடுத்த புதிய சிடியைச் சட்டைக்குள் நெஞ்சோடு செருகிக்கொண்டார். மதுரைக்கு நாளைக்குப் போய்க்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டு, ஆண்டிபட்டிக்கு அடுத்த பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டார்.